பார்க்கலாம், கண்டுபிடிக்கக் கூடாது

என் வாய் கோணிப்போனதை முதலில் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர். அவருக்குக் காது கேட்காது. ஒன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் வேலை. அந்த இரைச்சலுக்கு இவரைவிடத் தோதான ஆள் அமையாது என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. அதை அவருக்கு நான்தான் திருப்பிச் சொல்வேன், கொஞ்சம் மரியாதை சேர்த்து.

மற்றவர்களின் உதட்டை அவர் தட்டுத்தடுமாறித்தான் படிப்பார். என் உதட்டை மட்டும் கடகடவென்று படித்துவிடுவார். கல்யாணமான இந்தப் பதினோரு வருடத்தில், நான் முதுகைத் திருப்பிக்கொண்டு முணுமுணுத்ததைத் தவிர எதையும் அவர் தவறவிட்டதில்லை. கடையில் நடந்த சண்டை, பஸ்ஸில் முன் சீட்டுக்காரிகள் பேசிக்கொண்டது, அவருடைய தங்கை சொன்னது, சொல்ல வந்து நிறுத்திக்கொண்டது, எல்லாம் என் வாய் வழியாகத்தான் அவருக்குப் போக வேண்டும். 'வாயாடி' என்றுதான் என்னைக் கூப்பிடுவார். எங்கள் வீட்டில் என் வாய் எனக்கு மட்டும் சொந்தமானதில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை அவருடைய சட்டையைக் கொடுத்து ஏதோ சொன்னேன்.

"என்ன சொன்னே?" என்றார்.

பொத்தான் வைத்தாயிற்று என்று மறுபடி சொன்னேன். அவர் எழுந்து வந்து என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். வெளிச்சத்தில் வைத்து ஒரு நிமிடம் பார்த்தார்.

"பாதிதான் பேசுது. வலது பக்கம் சும்மா இருக்கு."

கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். இடது பக்கம் நான் இருந்தேன். வலது பக்கம் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள், கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு. ப, ம இரண்டுக்கும் உதடு ஒட்டவில்லை. இரண்டு நாளாக வலது காதுக்குள் குத்திக்கொண்டிருந்தது. அழுக்கு அடைத்திருக்கும் என்று விட்டிருந்தேன். மேலண்ணத்தில் ஒரே எரிச்சல். சூடாக எதையோ குடித்துவிட்டோம் என்று நினைத்தேன். நான் துணி திருத்தும் கடையில் தைக்கிறவள். குண்டூசிகளை வாயின் வலது ஓரத்தில் கடித்துக்கொண்டு வேலை செய்வது வழக்கம். முந்தின நாள் சாயங்காலம் ஊசிகள் இரண்டு தடவை கீழே விழுந்தன. நான் ஊசிகளைத்தான் திட்டினேன்.

நாத்தனார் எதிர்வீடு. வந்து பார்த்து, "ஐயோ அண்ணி, முகத்த யாரோ ஒரு பக்கமா இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு," என்றாள். பிறகு பிளாஸ்டிக் உறையில் என் பழைய சீட்டுகளை எல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டாள். பித்தப்பையில் கல் எடுத்த காலத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரி தனக்குத் தாய்வீடு மாதிரி என்பது அவளுடைய எண்ணம். "நீங்க பேசாம வாங்க. பேசினா தண்ணி ஒழுகுது. நான் பேசிக்கறேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் 'வழக்கத்துக்கு மாறான நோய்களை அடையாளம் காணும் துறை' என்று தனிக் கட்டடமே இருந்தது. சில வருடங்களுக்கு முன்பு அங்கே ஒருவருடைய நோயைப் பதினோரு டாக்டர்கள் தவறவிட்டார்களாம். கடைசியில் அறையில் குழல்விளக்கு மாற்ற வந்தவர் ஏணியிலிருந்தபடியே, "எங்க மச்சானுக்கு இதேதான் வந்துச்சு," என்று நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். சொன்னது சரியாகவும் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு அது பெரிய அவமானம். இனி இப்படி நடக்கவே கூடாது என்று முடிவெடுத்து இந்தத் துறையைத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து அடையாளம் காணும் அதிகாரம் துறைக்கு மட்டும்தான். விளக்கு மாற்றுகிறவர்கள் வேலை நேரத்தில் நோயாளிகளைப் பார்க்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது.

முன்கூடத்தில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் 'வழக்கமானவை', மற்றதில் 'மாறானவை'. இரண்டுக்கும் பின்னால் ஒரே குமாஸ்தா, உருளும் நாற்காலியில்.

"உங்க நோய் வழக்கமானதா, மாறானதா?" என்றார்.

"அதைக் கேக்கத்தானே வந்திருக்கோம்," என்றாள் நாத்தனார்.

"அதைத் தெரிஞ்சுக்காம வந்தா நான் எந்த ஜன்னல்ல எழுதறது? இங்க எழுதிட்டா அங்க எழுத முடியாது. யோசிச்சு சொல்லுங்க. அவசரமே இல்ல."

அவருடைய தலைக்கு மேலே பெரிய சுவரொட்டி. என் முகத்தைப் போலவே ஒரு முகம், ஒரு பக்கம் சரிந்து. 'அக்கி முகவாதம்! அக்கி நரம்பைத் தாக்கி முகத்தை முடக்குகிறது. முதல் மூன்று நாட்களுக்குள் மருந்து தொடங்கினால் முகம் திரும்பும் வாய்ப்பு அதிகம். ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்காதீர்கள்!' அதற்குக் கீழே ஒரு நீள பெஞ்சு. பெஞ்சில் 'காத்திருக்கும் இடம்' என்று எழுதியிருந்தது.

நான் சுவரொட்டியைக் காட்டினேன். பிறகு என் முகத்தைக் காட்டினேன். குமாஸ்தா சுவரொட்டியைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "படம் அழகா வந்திருக்கு இல்ல? போன மாசம்தான் ஒட்டினோம்," என்றார்.

மாறானவை ஜன்னலில் எழுதிக்கொண்டோம்.

முதலில் பார்த்தது ஒரு சின்ன டாக்டரம்மா. கழுத்தில் பச்சை அட்டை. அதில் 'பார்ப்பவர்' என்று போட்டிருந்தது. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். "காது சுத்தமா இருக்கு. கொப்புளம் இல்ல." காதில் கொப்புளம் வந்தால்தான் அக்கி முகவாதம் என்று படத்தில் போட்டிருப்பதாகச் சொன்னாள். நான் வாயைத் திறந்து உள்ளே சுட்டிக்காட்டினேன். அவள் தயங்கினாள். கதவைப் பார்த்தாள். சட்டென்று விளக்கை என் வாய்க்குள் அடித்தாள்.

அவளுடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். மேலண்ணத்தில், வலது பக்கத்தில் மட்டும், நடுக்கோட்டைத் தாண்டாமல் கொத்தாகக் கொப்புளம். அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒருவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எவ்வளவு பெரிய ஆறுதல். எனக்கு அவளுடைய கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"என்ன டாக்டர்?" என்றாள் நாத்தனார்.

"நான் பாத்துட்டேன்," என்றாள் மெதுவாக. "ஆனா கண்டுபிடிக்க முடியாது."

"ஏன்?"

"பச்சை அட்டை பாக்கலாம், கண்டுபிடிக்கக் கூடாது. மஞ்சள் அட்டைன்னா கவனிக்கலாம். சிவப்பு அட்டைதான் அடையாளம் காணலாம். சிவப்பு அட்டை ஒருத்தர்தான், துறைத்தலைவர்."

"சரி, அவரைக் கூப்பிடுங்க."

"அவர் பயிற்சி குடுத்துட்டு இருக்கார். இந்த வாரம் முழுக்க."

"என்ன பயிற்சி?"

"அடையாளம் காணறதுக்கு."

மருந்தை மட்டும் எழுதித் தரச் சொல்லி நாத்தனார் கெஞ்சினாள். கண்டுபிடிக்காத நோய்க்கு மருந்து எழுத முடியாது என்றாள் டாக்டரம்மா. போன வருடம் ஒரு பச்சை அட்டை அவசரத்தில் ஒரு நோயைக் கண்டுபிடித்துவிட்டதாம். நோயாளி பிழைத்துக்கொண்டாராம். அந்த டாக்டர் இப்போது துணி வெளுக்கும் பிரிவில் போர்வை எண்ணுகிறாராம். இதைச் சொல்லும்போது அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாளைக்கும் இவளிடம்தானே வர வேண்டும் என்ற கணக்கு என் மனதுக்குள் ஓடியது. நன்றி என்றுகூடச் சொன்னேன். அது எந்த எழுத்தும் இல்லாமல் வெளியே வந்தது.

செவ்வாய்க்கிழமை மஞ்சள் அட்டை. 'கவனிப்பவர்' என்று போட்ட பெரியவர். அவர் ஒரு சட்டகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்ட சட்டகத்துக்குள் 'அங்கீகரிக்கப்பட்ட மாறான நோய்க்குறிகள் பன்னிரண்டு' என்று பட்டியல். வழக்கத்துக்கு மாறான எதுவும் இந்தப் பன்னிரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று விளக்கினார்.

"ஏழாவது பாருங்க. 'கொப்புளமில்லாத அக்கி முகவாதம்.' உங்களுக்குக் கொப்புளம் இருக்கா இல்லையா?"

"காதுல இல்ல. வாய்ல இருக்கு," என்றாள் நாத்தனார்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் யோசித்தார். "கொப்புளம் இருக்கறதால கொப்புளமில்லாததுல வரமாட்டீங்க. காதுல இல்லாததால கொப்புளம் உள்ளதுலயும் வரமாட்டீங்க." வருத்தத்தோடு எங்களைப் பார்த்தார். "ரெண்டுலயும் இல்லன்னா, கவனிச்ச வரைக்கும், உங்களுக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா மூஞ்சி ஏன் சார் இப்படி இருக்கு?"

"அது உங்க மூஞ்சிம்மா. நான் எப்படிச் சொல்ல முடியும்? இதுக்கு முன்னாடி உங்கள நான் பாத்ததே இல்லையே."

பிறகு மனது கேட்காமல், வாய் என்பது பல் பிரிவின் எல்லைக்குள் வரும் என்று ஒரு சீட்டு எழுதிக்கொடுத்தார். பல் பிரிவு இன்னொரு கட்டடம். அங்கே மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். ஒருவர் என் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, 'முப்பது பற்களும் நலம். மேலண்ணம் எங்களுடையதல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ரெண்டு பல்லு எங்கன்னு கேப்பாங்க. அதுக்கு இன்னொரு சீட்டு வாங்கிக்குங்க," என்றார் அக்கறையாக.

வீட்டில் அவர் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து காத்திருந்தார். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார். கையால் வலது உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "விரல் மறைக்குது," என்றார். விரலை எடுத்தேன். உதடு விழுந்தது. அவர் என் முகத்துக்கு மிக அருகில் வந்து, பொடி எழுத்தைப் படிக்கிறவரைப் போலக் கண்ணைச் சுருக்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணமான புதிதில்கூட அவர் பார்த்து நான் அப்படிக் கூசியதில்லை.

"நாளைக்கு மூணாவது நாள்," என்றார். சுவரொட்டியில் இருந்ததை நாத்தனார் அவருக்கு எழுதிக் காட்டியிருந்தாள். "நானும் வரேன்."

"நீ வந்து என்ன பண்ணப்போறே அண்ணா? அண்ணி பேசறதும் அவங்களுக்குப் புரியாது, அவங்க பேசறதும் உனக்குப் புரியாது," என்றாள் நாத்தனார். அதையும் எழுதித்தான் காட்டினாள்.

புதன்கிழமை காலை குறுக்கு வழியாக நாத்தனார் என்னைப் பயிற்சி நடக்கும் கூடத்துக்கே கூட்டிப்போய்விட்டாள். "சிவப்பு அட்டை கண்ணு முன்னாடி உக்காருவோம். கண்ணு இருந்தா பாக்கட்டும்."

கூடத்தில் அறுபது எழுபது பேர். எல்லோரும் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்து, "கண்டதைக் காண்போம், காணாததைத் தேடோம்," என்று உறுதிமொழி சொன்னார்கள். மேடையில் ஒரு ரப்பர் தலை. அதன் காதில் சிவப்பு மையால் கொப்புளங்கள் வரைந்திருந்தார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பயிற்சிக்கு வந்தவர்கள் வரிசையாக வந்து அதைக் குனிந்து பார்த்து, "அக்கி முகவாதம்," என்று சொல்ல வேண்டும். ஒருவர்கூடத் தவறவிடவில்லை. ஒவ்வொருவரும் சொன்னதும் கைதட்டல். ஐந்து வருடமாக இந்தத் தலையை அடையாளம் காண்பதில் துறை நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறது என்று அறிவித்தார்கள்.

முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நாத்தனார் என்னை அதில் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

துறைத்தலைவர் உயரமானவர். சிவப்பு அட்டை வயிற்றுக்கு மேலே ஆடியது. நல்ல குரல், நிதானமான பேச்சு.

"நோயாளி நம்ம கிட்ட வந்து நோயைச் சொல்லமாட்டார். நோய்தான் நோயாளியைச் சொல்லும். நம்ம முன்னாடியே உக்காந்திருக்கும். நம்ம கண்ணையே பாக்கும். நாமதான் பாக்கமாட்டோம். ஏன்? திமிர். எனக்குத் தெரியும்ங்கற திமிர். இந்தத் துறையில திமிருக்கு இடமில்ல. ஏன்னா திமிர் பிடிக்கற அளவுக்கு இங்க வேற யாருக்கும் எதுவும் தெரியாது."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். எனக்கும் அவர் பேச்சு பிடித்திருந்தது. இவர் பார்த்துவிடுவார் என்று தோன்றியது. அவர் பார்வை என்மேல் பட வேண்டும் என்று முகத்தை நன்றாக நிமிர்த்திக்கொண்டேன். பட்டது. நான் நம்பிக்கையோடு அவரைப் பார்த்தேன். நல்ல பக்கத்து உதடு மேலே போயிருக்க வேண்டும்; நம்பிக்கை வந்தால் உதடு அப்படித்தான் போகும்.

அவர் பேச்சை நிறுத்தினார்.

"முதல் வரிசையில இருக்கற அம்மா. நான் ஏதாவது தமாஷ் பண்ணினேனா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப ஏன் என்னைப் பாத்து ஒரு பக்கமா சிரிக்கறீங்க?"

கூடம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பச்சை, மஞ்சள் அட்டைகள், எழுபது ஜோடிக் கண்கள், சற்று முன்பு ரப்பர் தலையைக் குனிந்து பார்த்த அதே கண்கள். நான் பதில் சொல்ல முயன்றேன். எச்சில் ஒழுகியது.

"கேலி வேற. பாருங்க, உதட்டைப் பாருங்க. இந்த மாதிரி முகங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். எதையும் சீரியஸா எடுத்துக்கத் தெரியாத முகம். இதை நான் பத்தடி தூரத்துலயே கண்டுபிடிச்சுடுவேன்."

பின்னாலிருந்து நாத்தனார் கத்தினாள். "ஐயா, அது சிரிப்பு இல்ல, நோய்! நீங்க சொல்லிட்டு இருக்கற நோயேதான்!"

"யாரது? எந்த அட்டை?"

"அட்டை இல்ல."

"அட்டை இல்லாம அடையாளம் கண்டது யாருன்னு எழுதிக்குங்க," என்றார் துறைத்தலைவர்.

வாசலில் நின்ற இரண்டு காவலாளிகள் எங்களை மரியாதையாக வெளியே கொண்டுவந்து விட்டார்கள். கதவோரத்தில் பச்சை அட்டை டாக்டரம்மா நின்றிருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பவர் என்ற அட்டை அவள் கழுத்தில் நேராகத் தொங்கியது.

மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் என் சீட்டைத் திரும்ப எடுப்பார்கள் என்று குமாஸ்தா சொன்னார். நாத்தனார் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். 'ஐயா, நான் சிரிக்கவில்லை. என் இடது பக்கம் மட்டும் சிரித்தது. வலது பக்கம் எப்போதும் தங்கள்மேல் மரியாதையோடு அசையாமல் இருந்தது.' நான் கையெழுத்துப் போட்டேன். போடும்போது, உண்மையிலேயே கொஞ்சம் சிரித்துவிட்டோமோ என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது. மூன்று நாளாக ஆளாளுக்கு என் முகத்தைப் பற்றி என்னைவிட உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கடிதத்தைப் பரிசீலிக்க ஒரு குழு. குழு வெள்ளிக்கிழமை கூடியது. சிரித்த பக்கம் மன்னிப்புக் கேட்டால் போதுமா, இரண்டு பக்கமும் கேட்க வேண்டுமா என்று விவாதம் நடந்ததாகக் குமாஸ்தா சொன்னார். இடது பக்கத்துக்கு எச்சரிக்கை, வலது பக்கத்துக்கு ஒன்றும் இல்லை என்று முடிவானது. அதற்குள் வாய்க்குள் இருந்த கொப்புளங்கள் காய்ந்துவிட்டன. வலது காதில் ஓசை மங்கிப்போனது. எங்கள் வீட்டில் இருந்ததே இரண்டு நல்ல காதுகள். அதில் ஒன்று போனதை நான் அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளி மதியம் துறைத்தலைவர் முன்னால் என்னை நிறுத்தினார்கள். அவர் பெருந்தன்மையானவர். பழசை மறந்துவிட்டதாகச் சொன்னார். என் காதைப் பிடித்துத் திருப்பினார். அவருடைய முகம் மலர்ந்தது.

காது மடலுக்குள் கொப்புளங்கள் வந்திருந்தன. அன்று காலைதான், பிந்தி வந்திருந்தன. ரப்பர் தலையில் வரைந்த அதே இடத்தில்.

"அக்கி முகவாதம்!" என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அப்பாடா என்று நாத்தனார் சுவரில் சாய்ந்தாள். "மருந்து குடுங்க ஐயா."

"இங்க எப்படிக் குடுக்கறது? காதுல கொப்புளம், கோணின முகம். இதுல மாறானது என்ன இருக்கு? சுத்த வழக்கமான நோய்." அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. "எங்க நேரத்தை வீணாக்கிட்டீங்க. நாலாவது வார்டுக்குப் போங்க."

நாலாவது வார்டில் ஒரு நர்ஸம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "மூணு நாளுக்குள்ள வரவேண்டாமாம்மா? படிச்சவங்க மாதிரி இருக்கீங்க," என்றாள்.

"முதல் நாளே வந்தோம்," என்றாள் நாத்தனார்.

"அங்க வந்தீங்க. இங்க இன்னிக்குத்தானே வரீங்க." பிறகு இளகிய குரலில், "மருந்து குடுக்கறேன். சாப்பிடுங்க. ஆனா முகத்துகிட்ட ரொம்ப எதிர்பாக்காதீங்க," என்றாள். அந்த ஐந்து நாளில் என்னிடம் யாரோ சொன்ன முதல் உண்மை அதுதான் என்பதால் நான் அழுதேன். ஒரு கண் மட்டும் அழுதது.

ஆறு மாதத்தில் முகம் கொஞ்சம் திரும்பியது. ஆனால் நரம்புகள் வழி தப்பித் திரும்பியிருந்தன. உதட்டைக் குவித்தால் வலது கண் மூடிக்கொள்ளும். மென்றால் கண்ணில் நீர் வரும். கடையில் இப்போது குண்டூசிகளை மணிக்கட்டில் கட்டிய பஞ்சில் குத்திக்கொள்கிறேன். அது பெரிய விஷயமில்லை.

வீட்டில் முதலில் அவர் ரொம்பப் பாடுபட்டார். விளக்கை என் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார். "மெதுவா சொல்லு," என்றார். மெதுவாகச் சொன்னால் கண் அதிக நேரம் மூடியிருந்தது. "கண்ணைச் சிமிட்டாதே, என் பார்வை அங்க போயிடுது," என்றார். பிறகு ஒரு நோட்டும் பேனாவும் வாங்கி வந்தார். நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். நோட்டில் எழுதத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது, நான் இத்தனை வருடமாகப் பேசியதில் எழுதத் தகுந்தது எவ்வளவு குறைவு என்று. பஸ்ஸில் முன் சீட்டுக்காரி தன் மருமகளைத் திட்டிய விதத்தை யார் எழுதுவார்கள்? எழுதி முடிப்பதற்குள் சிரிப்பு ஆறிவிடுகிறது. நோட்டைப் புரட்டினால் 'தண்ணீர் வரவில்லை', 'உங்கள் தங்கை வந்தாள்', 'நாளை கடை விடுமுறை' என்று இருக்கிறது. யாரோ இரண்டு பேர் ஒரே அலுவலகத்தில் வேறு வேறு வேளைகளில் வேலை பார்த்தது போல.

ஒரு வருடம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து தடித்த உறையில் கடிதம் வந்தது. என் நோய் பட்டியலில் பதின்மூன்றாவது மாறான நோய்க்குறியாகச் சேர்க்கப்பட்டிருப்பதாகவும், அதைக் கண்டறிந்ததற்காகத் துறைத்தலைவருக்குப் பாராட்டு விழா என்றும், நான் குடும்பத்தோடு வந்து மேடையில் அமர வேண்டும் என்றும் எழுதியிருந்தது. 'வாயில் கொப்புளம் முதலிலும், காதில் கொப்புளம் பின்னரும் தோன்றும் அக்கி முகவாதம். ஐந்து நாள் தொடர்ந்து கவனித்ததால் மட்டுமே அடையாளம் காண முடிந்தது.'

"கிழிச்சுப் போடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். பிறகு, "மேடையில உக்கார வைக்கறாங்களா? முன்வரிசை எங்களுக்கா?" என்றாள். அன்று சாயங்காலமே என் புடவைக்கு இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தாள்.

நான் ஏன் போனேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். யாராவது ஒருவர் எல்லோர் முன்னாலும், 'இந்தப் பெண் முதல் நாளே வந்தாள்' என்று சொல்லிவிடுவார் என்ற ஆசை எனக்குள் எங்கோ இருந்திருக்கிறது. அது என் வீட்டுக்காரருக்குக் கேட்காது என்பதைக்கூட அந்த ஆசை யோசிக்கவில்லை.

மேடையில் என்னைத் துறைத்தலைவருக்கு வலப்பக்கம், என் கெட்ட பக்கம் கூட்டத்துக்குத் தெரிகிற மாதிரி உட்கார வைத்தார்கள். முன்வரிசையில் என் வீட்டுக்காரரும் நாத்தனாரும். பச்சை அட்டை டாக்டரம்மா இப்போது மஞ்சள் அட்டை. வந்து என் கழுத்தில் ஒரு பூமாலையைப் போட்டாள். "மன்னிச்சுக்குங்க," என்று முணுமுணுத்தாள். அதை அவள் என் செவிட்டுக் காதுப் பக்கம் சொன்னாள்; உதடு தெரிந்ததால் நான் படித்துக்கொண்டேன்.

துறைத்தலைவர் பேசினார்.

"இந்த அம்மா எங்க துறைக்கு வந்தப்ப, இவங்க முகத்தைப் பாத்து எல்லாரும் சாதாரணமா நினைச்சாங்க. நானே முதல் நாள் பாத்தப்ப சிரிக்கறாங்கன்னு நினைச்சேன். அவசரப்பட்டு அன்னிக்கே மருந்து குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? கொப்புளம் காதுக்கு வந்திருக்காமலே போயிருக்கலாம். முகம் சரியாப் போயிருக்கும். நமக்குப் பதின்மூணாவது கிடைச்சிருக்குமா? பொறுத்தோம். கவனிச்சோம். மருத்துவத்துல பொறுமை எவ்வளவு முக்கியம்னு இந்த முகம் இனி என்னிக்கும் சொல்லிக்கிட்டே இருக்கும்!"

கைதட்டல் அடங்கியபோது முன்வரிசையிலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது. தன் சத்தம் தனக்குக் கேட்காததால், பக்கத்தில் இருக்கும் தங்கையிடம் பேசுவதாக நினைத்து அவர் கூடம் முழுவதற்கும் கேட்கும்படி பேசினார்.

"எவ்வளவு தெளிவான வாய்! இவர் பேசறது ஒரு எழுத்து விடாம புரியுது எனக்கு!"

பொருளை அல்ல, வாயைத்தான் அவர் வியந்தார். எனக்கு அது தெரியும். ஒரு வருடமாக முழுதாக ஒரு வாக்கியம் கிடைக்காத மனிதர். பசித்தவர் இலையைப் பார்த்து யார் பரிமாறினார்கள் என்றா கேட்பார்? கூடம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டியது. துறைத்தலைவர் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

பிறகு மைக்கை என் முன்னால் வைத்தார்கள். நன்றி சொல்லும்படி ஒரு தாளில் எழுதியே கொடுத்திருந்தார்கள். நான் தாளைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கல்யாணக் கூடங்களிலும் கடைத்தெருவிலும், இருபது பேர் நடுவே, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து நாங்கள் எவ்வளவோ பேசியிருக்கிறோம். யாருக்கும் தெரியாது. அந்த மாதிரி, சத்தமில்லாமல், அவருக்கு மட்டும் சொன்னேன்.

"என்னை இங்கேர்ந்து கூட்டிட்டுப் போங்க."

வலது கண் மூடித் திறந்தது. அவர் முன்னால் சாய்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் வாயைப் பார்த்தார். மறுபடி சொன்னேன்.

"உணர்ச்சிவசப்பட்டு அம்மாவுக்குப் பேச்சே வரல," என்றார் துறைத்தலைவர், மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். முகத்தில் பெரிய சிரிப்போடு, வேகமாக, மூன்று தடவை. அச்சகத்துக்கு வரும் வாடிக்கையாளர்கள் ஏதாவது சொன்னால் அவர் அப்படித்தான் தலையாட்டுவார். ஒன்றும் புரியவில்லை என்பதை வெளியாட்களிடம் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. பிறகு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவரும் தட்டினார்.